சண்டிகர் நாற்காலி: வாங்குவதற்கு முன் புரட்டிப் போட்டுப் பாருங்கள்

பக்கவாட்டில் பார்த்தால் விரித்து நிறுத்திய கவராயம் போல இரண்டு கால்கள். மேலே அகலமான கைப்பிடி, இருக்கையிலும் முதுகிலும் பிரம்புப் பின்னல். சண்டிகர் நாற்காலி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது இந்த வடிவம்தான். குமாஸ்தா உட்கார்ந்து கோப்பு பார்க்கச் செய்த இந்த அலுவலகச் சாமான், இன்று வெளிநாட்டு ஏலங்களில் இந்திய மதிப்பில் லட்சக்கணக்கில் விலை போகிறது. விலை ஏறினால் போலி பின்னாலேயே வரும். புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் நாற்காலியை முன்னாலிருந்து பார்த்து மயங்குகிறார்கள். பிரம்பையும் பாலிஷையும் ஒரே வாரத்தில் புதிதாகப் போட்டுவிடலாம் என்பதால் அங்கே பார்த்துப் பயனில்லை. இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அடிப்பக்கத்தைப் பற்றியே இருக்கும்.

தெரிந்திருக்க வேண்டிய வரலாறு

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகரம் தேவைப்பட்டது. சண்டிகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வந்து வந்து போனார். அவருடைய உறவினரும் கூட்டாளியுமான பியேர் ஜானரே 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கி வேலை பார்த்தார். தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், சட்டமன்றம், பஞ்சாப் பல்கலைக்கழகம், கல்லூரிகள், விடுதிகள், அரசு வீடுகள் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் மேசை நாற்காலி வேண்டும். அறைகலன் வடிவமைப்பு ஜானரேவின் பொறுப்பில் நடந்தது. யூலி சௌத்ரி உள்ளிட்ட இந்தியக் கட்டடக் கலைஞர்களுக்கும் அதில் கணிசமான பங்கு உண்டு. சந்தையில் ஜானரே பெயர் மட்டும் ஒட்டப்படுவதற்குக் காரணம், அந்தப் பெயர்தான் விற்கிறது.

வாங்குகிறவருக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்றுதான். இவை ஒரே தொழிற்சாலையில் அச்சில் வார்த்தவை அல்ல. வரைபடம் பல பட்டறைகளுக்குப் போயிற்று. அங்கங்கே இருந்த தச்சர்கள் கிடைத்த தேக்கிலும் சிசு (ஷீஷம்) மரத்திலும் கையால் செய்தார்கள். அதனால் ஒரே மாதிரி நாற்காலிகள் இரண்டை அருகருகே வைத்தால் கைப்பிடி அகலத்திலும் கால் பருமனிலும் சில மில்லிமீட்டர், சில இடங்களில் ஒரு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் வரும். அளவு பிசகினால் போலி என்று பயப்பட வேண்டாம். ஆறு நாற்காலிகள் மயிரிழை பிசகாமல் ஒரே அளவில் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பிறகு அவை தேய்ந்தன, உடைந்தன, அரசு அலுவலக மொழியில் ‘கண்டம்’ ஆயின, அதாவது உதவாதவை என்று கழிக்கப்பட்டன. மாடிகளில் குவித்து வைத்து, பழைய மரச் சாமானாக ஏலம் விட்டார்கள். 1990களின் இறுதியிலிருந்து பாரிஸ் வணிகர்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். சட்டப்படி பணம் கட்டித்தான் எடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குறியீட்டு எண் என்ற மாயம்

விற்பனைப் பட்டியல்களில் ‘பிஜே-எஸ்ஐ-28-ஏ’ போன்ற குறியீடுகளைப் பார்ப்பீர்கள். பிஜே என்பது பியேர் ஜானரே; எஸ்ஐ என்பது இருக்கையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்துகள். 28-ஏ என்றால் பிரம்பு பின்னிய அலுவலகக் கைநாற்காலி. 29-ஏ அதைவிடத் தாழ்வாக, பின்னுக்குச் சாய்ந்த ஓய்வு நாற்காலி. 30-ஏ மெத்தை வைத்த பருமனான கமிட்டி நாற்காலி.

இந்தக் குறியீடுகளைக் கொடுத்தது சண்டிகர் நிர்வாகம் அன்று. பிரெஞ்சு வணிகர்கள் தங்கள் சரக்கை வகைப்படுத்த வைத்துக்கொண்ட பெயர்கள் இவை. 2010இல் அவர்கள் வெளியிட்ட பெரிய பட்டியல் நூலுக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவின. ஆகவே நாற்காலியின் அடியில் அந்தக் குறியீட்டையே முத்திரையாகக் குத்தி, இது 1955ஆம் ஆண்டு முத்திரை என்று ஒருவர் காட்டினால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

பையில் எடுத்துப் போக வேண்டியவை

டேப், பிரகாசமான சிறு டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், காந்தம், வெர்னியர் காலிப்பர், புற ஊதா டார்ச், பஞ்சு, கொஞ்சம் டர்பன்டைன். நாற்காலியைக் கவிழ்த்து வைக்க ஒரு தடிமனான போர்வை. புரட்டக் கூடாது என்று தடுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

பார்க்கும் வரிசை

பாதத்திலிருந்து தொடங்குங்கள். பல பத்தாண்டு சிமென்ட் தரையிலும் மொசைக் தரையிலும் இழுபட்ட கால்களின் அடி, விளிம்பு மழுங்கி, மணல் துணுக்குகள் மரத்துக்குள் பதிந்து, நார் பிளந்து கிடக்கும். தினமும் ஈரத்துணியால் தரை துடைத்ததால் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குக் கறுத்திருக்கும். தேய்மானம் நான்கு கால்களிலும் ஒரே மாதிரி இருக்காது. உட்கார்ந்தவர் சாய்ந்தபடியே பின்னுக்குத் தள்ளுவார் என்பதால் பின்கால்கள் அதிகம் தேயும். போலி செய்கிறவர் நான்கையும் ஒரே உப்புத்தாளால் ஒரே கோணத்தில் உருட்டிவிடுவார்.

அடுத்து பிரம்புத் துளைகள். இருக்கைச் சட்டத்தின் அடியில் வரிசையாகத் துளைகள் இருக்கும். பிரம்பு ஒரு துளையில் இறங்கிப் பக்கத்துத் துளையில் ஏறும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பழைய சட்டத்தில் துளையின் வாய் பிரம்பு உரசி உரசி மழுங்கியிருக்கும், ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் நடுவே மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். உட்சுவர் மங்கிய பழுப்பாக இருக்கும். புதுச் சட்டத்தில் துளை வாய் கூர்மையாக இருக்கும். உள்ளே பொன்னிறத் தேக்கு பளிச்சென்று தெரியும், அல்லது மேலே அடித்த சாயம் துளைக்குள் வழிந்து பாதியில் நின்றிருக்கும். துளையே இல்லாமல், ஓரத்தில் காடி வெட்டி, அதில் இயந்திரத்தில் நெய்த பிரம்புத் தாளைச் செருகி ஒரு பிரம்புக் கயிற்றால் அடைத்திருந்தால், அது மூலச் செய்முறை அன்று.

மூன்றாவது, மூட்டுகள். ஒரு கட்டையின் முனையை நாக்கு போலச் செதுக்கி, மறு கட்டையில் குடைந்த துளைக்குள் இறுக்கும் கழுந்து மூட்டுதான் இங்கே அடிப்படை. சில இடங்களில் மர முளை அடித்துப் பூட்டியிருக்கும். மரம் நாரின் குறுக்கே சுருங்கும். நாரின் நீளத்தில் கிட்டத்தட்ட சுருங்காது. எனவே வட்டமாக அடித்த முளை பல பத்தாண்டில் லேசாக முட்டை வடிவம் கொள்ளும். காலிப்பரால் இரு திசையிலும் அளந்தால் சிறு வித்தியாசம் தெரிய வாய்ப்புண்டு. திருகாணி இருந்தால் அதன் தலையைப் பாருங்கள். ஒற்றைக் கீறல் தலை அந்தக் காலத்துக்குப் பொருந்தும். நட்சத்திரத் தலை என்றால் பின்னாளில் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். அது மட்டுமே குற்றமாகாது. புட்டிப் பசை வைத்து மறைத்த ஆணிகளைக் காந்தம் காட்டிக்கொடுக்கும்.

மரம். தேக்கு பொன்பழுப்பு, தொட்டால் லேசான எண்ணெய்ப் பசை, சுரண்டினால் தோல் வாசனை. சிசு மரம் இன்னும் கறுப்பு, கோடுகள் அதிகம், கையில் கனம். நான்கு கால்களையும் சட்டங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். மூன்று கால் மங்கி, ஒன்று மட்டும் ரேகை திறந்து சிவப்பாக இருந்தால் அது மாற்றுக் கால்.

மேற்பூச்சுக்கு அதிக நேரம் வேண்டாம். புற ஊதா ஒளியில் அரக்கு பாலிஷ் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். கைப்பிடியின் அடிப்பக்கம், சட்ட மூலைகள் போன்ற ஒதுக்கிடங்களில் அந்த ஒளிர்வு துண்டு துண்டாகத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் போலி என்று முடிவு கட்ட முடியாது. வெளிநாடு போய் வந்த நாற்காலிகள் பெரும்பாலும் முழுக்கச் சுரண்டி மறுபாலிஷ் போட்டவை.

வெள்ளை எழுத்து

பின்சட்டத்தின் வெளிப்பக்கத்திலோ கைப்பிடியின் பின்னாலோ பெயின்டில் எழுத்தும் எண்ணும் இருக்கும்: துறை அல்லது கட்டடத்தின் சுருக்கப் பெயர், பிறகு இருப்புப் பதிவேட்டு எண். சில இடங்களில் அதன் மேலேயே இன்னொரு துறையின் எழுத்து. நாற்காலி இடம் மாறியிருக்கிறது. விலையை ஏற்றுவது இந்த எழுத்துதான். மிகச் சுலபமாகப் போலி செய்யக்கூடியதும் இதுவே.

சோதிக்க ஒரு வழி உண்டு. எழுத்தின் குறுக்கே ஓடும் கீறல் ஒன்றை லென்ஸில் பாருங்கள். கீறல் பெயின்டையும் மரத்தையும் சேர்த்து அறுத்திருந்தால் பெயின்ட் முந்தியது. கீறலின் பள்ளத்துக்குள் பெயின்ட் இறங்கி நிரம்பியிருந்தால் பெயின்ட் பிந்தியது. அழுக்குக்கும் இதே கணக்கு. பெயின்டின் மேல் படிந்த அழுக்கு சரி, அழுக்கின் மேல் அடித்த பெயின்ட் சரியில்லை. டர்பன்டைன் தொட்ட பஞ்சை எழுத்தின் ஒரு மூலையில் மட்டும் வைத்து எடுங்கள். உடனே நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால் அது அண்மையில் அடித்தது. விற்பவரின் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எழுத்து உள்ள சட்டம் மட்டும் பழசு, மற்றதெல்லாம் புதுசு என்ற கலப்பு நாற்காலிகளும் உண்டு. உடைந்த ஒன்றிலிருந்து இரண்டு மூன்று ‘அசல்’ பிறந்துவிடும். கால் நுனியில் ஐந்து பத்து சென்டிமீட்டர் ஒட்டுப் போட்டிருந்தால் ஏற்கலாம். ஒரு குறுக்குச் சட்டம் மாறியிருந்தால், விற்பவர் அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், விலை குறைத்து ஏற்கலாம். ஒரு பக்கத்து இரண்டு கால்களும் முழுக்கப் புதுசு என்றால் பாதி நாற்காலி என்று மதிப்பிடுங்கள். எழுத்துச் சட்டம் மட்டும் பழசு என்றால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

தாள்கள்

2011இல் உள்துறை அமைச்சகம், சண்டிகரின் பாரம்பரிய அறைகலன்களை அரசு அமைப்புகள் விற்கவோ ஏலம் விடவோ கூடாது என்று உத்தரவிட்டது. அதன் பிறகு எடுத்த கணக்கெடுப்பில் 12,000க்கும் மேற்பட்ட பொருள்கள் பட்டியலில் ஏறின. சட்டப்படி சந்தைக்கு வந்தவை பெரும்பாலும் அதற்கு முந்தைய ஏலங்களில் வெளியே போனவை என்று வைத்துக்கொள்ளலாம். யாராவது 2011க்குப் பிந்தைய தேதியிட்ட அரசு ஏலத் தாளை நீட்டினால் அதைத் துருவிக் கேளுங்கள். தாளே இல்லை, ஆனால் துறை எழுத்து பளிச்சென்று இருக்கிறது என்றால் திருட்டுப் பொருளாக இருக்கும் ஆபத்து நிஜம். அரசு அலுவலகங்களிலிருந்து இவை களவு போன செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன.

கேட்க வேண்டியவை: ஏல அறிவிப்பு அல்லது ஒப்படைப்புக் கடிதம், பணம் கட்டிய ரசீது, வளாகத்தை விட்டு வெளியே கொண்டுவந்த கேட் பாஸ், இடையில் கைமாறிய ரசீதுகள், பழுது பார்ப்பதற்கு முன் எடுத்த புகைப்படம். கடைசியாகச் சொன்னது பலருக்குக் கேட்கவே தோன்றாது. ஆனால் தங்க எழுத்தில் அச்சடித்த உண்மைச் சான்றிதழைவிட அந்த ஒரு படம் மேல். விற்பவரே கையெழுத்துப் போட்ட சான்றிதழ் விற்பவரின் வாய்ச்சொல்தான், தாள் கொஞ்சம் தடிமன், அவ்வளவே.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு ஆண்டு பழமையான பொருள்களுக்கே பொருந்தும். 1955இல் செய்த நாற்காலி அந்தக் கணக்கில் 2055 வரை தொல்பொருள் ஆகாது. வெளிநாட்டு ஏலங்களை இந்தியாவால் தடுக்க முடியாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சிசு மர நாற்காலியை வெளிநாட்டுக்கு அனுப்பவோ அங்கிருந்து தருவிக்கவோ நினைத்தால் இன்னொரு சிக்கல்: அந்த மர இனம் 2017 முதல் அழிவாபத்து உயிரினங்களுக்கான பன்னாட்டு வர்த்தக ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. எடையையும் அன்றைய விதியையும் பொறுத்து அனுமதித் தாள் தேவைப்படலாம். தேக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

வாங்குவதற்கு முன் அசலை எங்கே பார்ப்பது

படங்களை மட்டும் பார்த்துப் பழகிய கண் ஏமாறும். சண்டிகரில் செக்டர் 5இல் ஜானரே வாழ்ந்த வீடு 2017 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. செக்டர் 19இல் லெ கொர்பூசியே மையம், செக்டர் 10இல் கட்டடக்கலை அருங்காட்சியகம். ஒரு நாளில் மூன்றையும் பார்த்துவிடலாம். பார்க்கும்போது கால் எப்படி மெலிந்துகொண்டே போகிறது, கைப்பிடியின் விளிம்பு எவ்வளவு மழுங்கியிருக்கிறது, முதுகு எவ்வளவு சாய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். போலிகள் பெரும்பாலும் கோட்டை விடுவது சாய்விலும் கால் மெலிவிலும்தான்.

உட்காரத்தான் நாற்காலி வேண்டும், பழமை வேண்டாம் என்பவர்கள் மறு ஆக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பதை வாங்கலாம். பெங்களூரின் பேன்டம் ஹேண்ட்ஸ் நிறுவனம் அப்படிச் செய்கிறது. இத்தாலியின் கஸினா 2019இல் ஜானரேவுக்குக் காணிக்கையாக ஒரு வரிசையை வெளியிட்டது. போலிக்குக் கொடுக்கும் பணத்தில் இவற்றை வாங்கினால் நிம்மதியாகவாவது உட்காரலாம்.

பிரம்பு மாற்றுவது

பழைய பின்னல் கிழிந்திருந்தால் அறுத்து எறியும் முன் இரு பக்கமும் படம் எடுங்கள். உள்ளங்கை அளவு ஒரு துண்டை உறையில் போட்டு நாற்காலியின் தாள்களோடு வையுங்கள். அடைபட்ட துளைகளை அதே விட்டமுள்ள மழுங்கிய ஆணியால் தட்டி எடுங்கள். துரப்பணத்தால் துளையைப் பெரிதாக்கினால் சட்டம் பலவீனமாகும், பழமையின் சாட்சியும் போய்விடும்.

சட்டம் துளை வரிசை நெடுக, தபால்தலை ஓரம் போலப் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த நாற்காலிகளுக்கு அடிக்கடி வரும் நோய் இதுதான். திரும்பத் திரும்ப பிரம்பு மாற்றி இறுக்கியதால் வருகிறது. பிளவுக்குள் பசை செலுத்தி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். துளை சிதைந்திருந்தால் தேக்கு முளையால் அடைத்து அதே இடத்தில் மறுபடி துளையுங்கள். பழைய மூட்டுகளில் வஜ்ஜிரம் (தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை) இருந்தால் வெந்நீர்த் துணியால் இளக்கிப் பிரிக்கலாம். எபாக்சி போட்டு ஒட்டினால் அடுத்த முறை மூட்டைப் பிரிக்கும்போது மரம்தான் உடையும்.

45 சென்டிமீட்டர் சதுர இருக்கை, துளைக்குத் துளை 1.25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்குச் சுமார் 36 துளைகள். ஆறு அடுக்குப் பின்னலுக்கு நிகரமாக 110 மீட்டர் பிரம்பு போகும். சேதாரம் சேர்த்து 140 மீட்டர் வாங்குங்கள். அந்தத் துளை இடைவெளிக்கு 2.25 முதல் 2.5 மில்லிமீட்டர் அகலப் பிரம்பு பொருந்தும். வெதுவெதுப்பான நீரில் பதினைந்து இருபது நிமிடம் ஊறினால் போதும். மணிக்கணக்கில் ஊறினால் நிறம் சாம்பலாகிவிடும்.

1. முன்னிருந்து பின்னாக, நடுத்துளையில் தொடங்கி இரு பக்கமும் போங்கள். பளபளப்பான பக்கம் மேலே. நுனி நழுவாமல் துளையில் மரக்குச்சி செருகுங்கள்.
2. இடமிருந்து வலமாக, முதல் அடுக்கின் மேலே அப்படியே கிடத்துங்கள். பின்ன வேண்டாம்.
3. மறுபடி முன்னிருந்து பின்னாக, எல்லாவற்றுக்கும் மேலே, முதல் அடுக்கின் வலப்புறம் சற்று ஒதுங்கியபடி.
4. மறுபடி குறுக்காக, இங்கேதான் பின்னல் தொடங்குகிறது. மூன்றாம் அடுக்குக்கு மேலே, முதல் அடுக்குக்குக் கீழே. முடிந்ததும் ஈரம் தெளித்து, இரு குச்சிகளால் இழைகளை ஜோடி ஜோடியாக நெருக்குங்கள்.
5. முதல் மூலைவிட்டம்: நெடுக்கு ஜோடிக்கு மேலே, குறுக்கு ஜோடிக்குக் கீழே.
6. எதிர் மூலைவிட்டம்: நெடுக்குக்குக் கீழே, குறுக்குக்கு மேலே.
7. ஓரத்தில் அகலப் பிரம்பை வைத்துத் துளைகளை மூடி, மெல்லிய பிரம்பால் கட்டுங்கள்.

ஐந்திலும் ஆறிலும்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். சரியாகப் போனால் இழை சந்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும். இழுக்கும்போது தடுக்கி, நெருடினால், மேல் கீழ் மாறிவிட்டது என்று பொருள். அப்படியே விட்டால் இழைகள் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டு ஓராண்டுக்குள் நடுவில் அறும். மூலைத் துளைகளில் மூலைவிட்ட இழை இரண்டு இறங்கும், கணக்கு தவறியதாக நினைத்துப் பிரித்துவிடாதீர்கள். முதல் இரண்டு அடுக்குகளை இறுக்க வேண்டாம். பிரம்பு காய்ந்தால் தானே இறுகும். நனைந்திருக்கும்போதே தம்புரா தந்தி போல இழுத்துக் கட்டினால் அந்த இழுவை முழுவதும் மூலை மூட்டுகளின் மேல் விழும்.

செய்யக் கூடாதவை

அடிப்பக்கத்தையும் எழுத்துள்ள பின்பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். எழுத்து, இழைப்புளித் தடம், அழுக்கு எல்லாமே அங்கேதான் இருக்கின்றன. மேற்பக்கத்தையும் மென்மையான துணி, கொஞ்சம் டர்பன்டைன், பிறகு தேன்மெழுகு என்ற அளவில் நிறுத்துங்கள். பாலியூரிதேன் வார்னிஷ் பூசினால் பின்னால் மரத்தைச் சுரண்டாமல் எடுப்பது கடினம்.

நாற்காலியைத் தூக்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் இருக்கைச் சட்டத்தைப் பிடியுங்கள். கைப்பிடியும் காலும் சேரும் மூட்டு முதலில் ஆடத் தொடங்கும் இடம். வெயில் நேராக விழும் சன்னல் ஓரமும் குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் மூலையும் வேண்டாம். பிரம்பு மிக உலர்ந்தால் நொறுங்கும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பின்னலின் அடிப்பக்கத்தில் ஈரத்துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். சட்டத்தின் அடியில் மாவு போலத் தூள் கொட்டிக் கிடந்தால் மரம் உளுக்கிறது. தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியைப் பூச்சி எளிதில் தொடாது. வெளிர்ப்பகுதி கலந்த கட்டையிலும் பிரம்பிலும்தான் இறங்கும். அந்த நாற்காலியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, மருந்து செலுத்தி, தூள் கொட்டுவது நிற்கும்வரை தனியே வையுங்கள்.